மாமியின் முழங்காலும் தொண்ணூறு பாகையும்

கரும்பலகையில் கோணம் வரைவதற்கென்று பள்ளிக்கூடங்களில் ஒரு மரப் பாகைமானி இருக்கும். அரைவட்டமாக, பாதிச் சுளகு அளவில், பிடிப்பதற்கு நடுவில் ஒரு குமிழோடு. அப்படியொன்று உரும்பிராயில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டு விறாந்தையில் ஆணியில் தொங்கியது. என் மாமனார் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பாகைமானி வந்தபோது பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் அதை ஆணியிலிருந்து கழற்றித் தூசி தட்டி, தன் மனைவியின் முழங்காலில் வைத்து அளந்தார். கால் பதினெட்டுப் பாகை மடங்கியது. அதை ஒரு கொப்பியில் திகதியோடு குறித்துக்கொண்டார்.

போன வருடம் எனக்கும் வலது முழங்காலை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிதாக ஒன்று வைத்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மகனின் வீட்டில் கட்டிலோடு கிடந்தேன். கிழமைக்கு மூன்று நாள் பயிற்சி தருவதற்கு ஒரு பெண்பிள்ளை வருவாள். என் காலைப் பிடித்து மடக்கி, பிளாஸ்ரிக் அளவுகோல் ஒன்றை வைத்துப் பார்த்து, "அன்ரி, இண்டைக்கு எழுபத்திரண்டு" என்பாள். உயிர் போகிற நோவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நோவில் சிரிக்கிற ஒருத்தியை அவள் அதற்கு முன் கண்டிருக்கமாட்டாள். மாத்திரை கூடிவிட்டதோ என்று என் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாளாம். மாத்திரை கூடவில்லை. எனக்கு என் மாமியின் நினைவு வந்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குச் சொல்லி விளங்கப்படுத்த நேரம் போதாததால் இங்கே எழுதுகிறேன்.

மாமி எங்கள் சேர்ச்சில் மாதர் சங்கத் தலைவி. எத்தனை வருடமாகத் தலைவி என்று ஒருவருக்கும் நினைவில்லை. தேர்தல் வைத்ததாகவும் நினைவில்லை. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறையைக் குரல் நிரப்பிவிடும். அறுவடை விழாவுக்கு எந்த வீட்டிலிருந்து பூசணிக்காய், எந்த வீட்டிலிருந்து வாழைக்குலை என்பதெல்லாம் மாமியின் தீர்மானம். பிரசங்கம் அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் முன்வரிசை வாங்குப் பலகையிலிருந்து ஒரு செருமல் கேட்கும். போதகர் அதற்குமேல் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். புத்தூரில் பிறந்து, பட்டம் பெற்று, ஆசிரியை வேலையோடு அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன என்னை மாமி 'நீர்' என்றுதான் அழைத்தார். பெயர் சொல்லி அழைத்ததில்லை, பிள்ளை என்றும் சொன்னதில்லை. நல்ல முறையில், தூரத்தில் வைத்திருந்தார். என் கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை மெயில் ரயிலில் வருவார். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்: ஆளுகிற மாமி, ஆளப்படுகிற மாமாவும் நானும்.

மாமி விழுந்தது மார்கழி மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றின் பின்னேரம், கிணற்றடியில். இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிணற்றடிச் சீமெந்துத் தரையைச் சனிக்கிழமைதோறும் தேங்காய்ப் பொச்சுமட்டையால் உரஞ்சிப் பாசி போக்குவது என் வேலை. அந்தச் சனிக்கிழமை நான் உரஞ்சவில்லை. மத்தியானத் தபாலில் என் கணவரின் கடிதம் வந்திருந்தது. வாசித்தேன். இன்னொருமுறை வாசித்தேன். பிறகு பதில் எழுத இருந்தேன். கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். பாசியா கடிதமா என்று கேட்டால் எந்தப் பெண்ணும் பாசி என்று சொல்லமாட்டாள். எழுதி முடிக்கிற நேரம் கிணற்றடியிலிருந்து சத்தம் கேட்டது. நானும் மாமாவும் ஓடிப்போனபோது மாமி தரையில் கிடந்தார். முகம் கழுவப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊரெல்லாம் கதை போனது. யார் உரஞ்சவில்லை என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

முழங்கால் சில்லு மூன்றாகப் பிளந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து, கம்பி போட்டு இறுக்கி, தொடையிலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்ரர் கட்டிவிட்டார்கள். மாமி இல்லாத நத்தாரை ஊர் அந்த வருடம்தான் கண்டது. மரத்துக்குச் சோடனை எங்கிருந்து தொடங்குவது என்பதில் சேர்ச்சுக்குள் மூன்று கட்சி உண்டாகி, மரம் அரைகுறையாகவே நின்றது. மாமிக்கு அதைக் கேட்டதும் பாதி நோ குறைந்துவிட்டது. நானோ ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து கிணற்றடியை உரஞ்சத் தொடங்கினேன். மழையோ வெயிலோ, பாசி இருந்ததோ இல்லையோ, உரஞ்சினேன்.

தை நடுவில் பிளாஸ்ரரை வெட்டினார்கள். உள்ளேயிருந்து வெளிவந்த கால் உலக்கையாய் நீட்டிக்கொண்டு நின்றது. பெரிய டொக்டர் மெல்லப் பிடித்து மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறு கிழமை தாறன் அம்மா. தொண்ணூறு பாகை வரவேணும். வராட்டி மயக்க மருந்து குடுத்து நாங்கள் மடக்கவேண்டி வரும். அதுக்கும் பிந்தினால் கால் இப்பிடியே நிண்டிடும்." மயக்கி மடக்குவது என்றால் என்னவென்று மாமிக்கு ஏற்கனவே தெரியும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மனுசி அதைப்பற்றி விபரமாக, மூட்டில் எழும்புகிற சத்தம் உட்பட, சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒன்றுக்கும் அஞ்சாத மாமியின் உதடு நடுங்கியதை அன்று பார்த்தேன். இந்தக் கால் மடங்காமல் போனால் அது என்னால் போன கால் என்ற நினைப்பு அந்த வினாடியிலிருந்து என் நெஞ்சில் ஏறி இருந்துவிட்டது.

மாமாவுக்கு மட்டும் மனம் தெளிந்தது. நாற்பது வருடம் செங்கோணத்தோடு வாழ்ந்தவரிடம் டொக்டர் தொண்ணூறு பாகை கேட்டிருக்கிறார். அன்றைக்கே பாகைமானி ஆணியை விட்டு இறங்கியது. கட்டத்தாள் ஒன்று விறாந்தைச் சுவரில் ஏறியது. கிடை அச்சில் நாள், நிலை அச்சில் பாகை. தொண்ணூறில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. பின்னேரம் நாலரைக்குப் பயிற்சி. மாமி குசினி மேசையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருக்கவேண்டும். நான் கீழே குந்தியிருந்து கணுக்காலைப் பிடித்து மெல்ல அமர்த்தவேண்டும். மாமா பாகைமானியோடு பக்கத்தில் நிற்பார். மாமி கத்துகிறவர் இல்லை. மாதர் சங்கத் தலைவி கத்தினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அதனால் கீர்த்தனை பாடுவார். நோ கூடக்கூடச் சுருதியும் கூடும். உச்சத்துக்குப் போய்க் குரல் உடைகிற இடத்தில் நான் கையை எடுத்துவிடுவேன். வீட்டுக்காரர் மூவரும் திடீரென்று பக்தியில் முற்றிவிட்டோம் என்று அக்கம்பக்கத்தில் கதைத்துக்கொண்டார்கள்.

தொல்லை என்னவென்றால், நான் காலைத் தொடுவதற்கு முன்பே மாமி தொடையை இறுக்கிக்கொள்வார். இறுக்கிய காலை யார் மடக்க முடியும்? "விடும், கொஞ்சம் தளர்த்திவிடும்" என்று மாமா கெஞ்சுவார். "தளர்த்தித்தான் இருக்கிறன், உங்கடை பலகையிலைதான் பிழை" என்பார் மாமி. பத்து நாளில் நாற்பது பாகை வந்தது. அதோடு நின்றது.

மாசி மாத முதல் ஞாயிறு திருவிருந்து. மாமி வந்தே தீருவேன் என்று நின்றார். வாடகைக்கு ஒரு பழைய ஓஸ்ரின் கார் பிடித்தோம். மடங்காத கால் காருக்குள் அடங்கவில்லை. பின்சீற்றில் குறுக்காக மாமி சாய்ந்திருக்க, பாதம் யன்னலால் வெளியே போனது. அந்தப் பாதத்துக்கு நான் வெள்ளைக் காலுறை ஒன்று மாட்டிவிட்டிருந்தேன். வழியில் சந்தித்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். மாமி உள்ளேயிருந்து ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார், அவர்களுக்குப் பாதம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எங்கள் சேர்ச்சின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். திருவிருந்து நேரத்தில் வாங்கு வாங்காக எழும்பிப்போய், பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக்கிராதியில் முழந்தாளிட்டு அப்பமும் இரசமும் வாங்குவோம். யாரோடும் மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அந்த இடத்துக்குப் போகவேண்டும். இது எல்லாச் சேர்ச்சிலும் உள்ளதுதான். எங்கள் ஊர் இதைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தது: ஒருவர் எழும்பிப் போகாமல் வாங்கில் இருந்தால், அவருக்கு யாரோடோ கோபம். ஆராதனை முடிந்து வாசல் மாமரத்தடிக்கு வரும்போது, "ஆரோடையாம்?" என்ற கேள்வி ஏற்கனவே அங்கே வந்து நிற்கும். முழங்கால் வாதம் உள்ளவர்கள் நின்றபடி வாங்கிக்கொள்ளலாம், போதகரும் மறுப்பதில்லை. ஆனால் மாமிக்கு அந்த வழி அடைபட்டுக் கிடந்தது, அதுவும் தன் வாயாலேயே. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் நின்றபடி வாங்கிய ஒரு பெண்ணிடம், "கர்த்தருக்கு முன்னாலை நிண்டு வாங்க நீர் என்ன ஸ்கூல் இன்ஸ்பெக்டரோ?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை ஊர் மறக்கவில்லை.

எங்கள் வாங்கின் முறை வந்தது. போதகர் இறங்கி வந்து, "அம்மா, நான் இஞ்சை கொண்டுவந்து தாறன்" என்று மெல்லச் சொன்னார். மாமி வேண்டாம் என்று தலையாட்டினார். நான் எழும்பிப் போய் முழந்தாளிட்டேன். போகாமல் விட்டால் சனம் எங்கள் இருவரையும் சேர்த்துக் கணக்குப் போடும் என்று பயம். திரும்பி வந்து பார்த்தேன்: முழு வாங்கில் மாமி தனியே, காலை நீட்டியபடி, பீடத்தைப் பார்க்காமல் இருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது.

மாமரத்தடியில் தீர்ப்பு முடிவாகிவிட்டது. முழங்கால் வெறும் சாட்டு. போதகர் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றும் மறுத்த ஒருவருக்கு மனதில் ஏதோ இருக்கிறது. மாமிக்குக் கோபம். யாரோடு என்பதுதான் தெரியவில்லை. தெரியாதபடியால் ஒவ்வொருவரும் தன் தன் நெஞ்சைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை சேர்ச்சில் ஓகன் வாசிக்கிற ரீச்சர் வந்தார். கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். அந்தக் காலத்தில் ஹோர்லிக்ஸ் கண்ணில் காண்பதே அரிது; போத்தலைப் பார்த்ததும் விசயம் பெரிது என்று எனக்கு விளங்கிவிட்டது. கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "அக்கா, ஆரோ வந்து சொல்லிப்போட்டினம் எண்டு தெரியும்" என்று தொடங்கினார். மாமி விழுவதற்கு முந்தின வருட நத்தார்ப் பாட்டுக்கு மாமியைப் பின்வரிசையில், உயரமானவர்களுக்குப் பின்னால் நிற்கவிட்டது தான் வேண்டுமென்றே செய்ததாம். தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி வாயை மட்டும் அசைக்கச் சொன்னதும், தொண்டையில் கொண்ட கவலையால் அல்லவாம். மாமி முகத்தில் ஒரு தசையும் அசையாமல், "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். தெரியாது. அன்று மத்தியானம்வரை தன் குரல்தான் பாடகர் குழுவைத் தாங்குகிறது என்று நம்பியிருந்தவர் அவர்.

வியாழக்கிழமை பக்கத்து வளவு ஓவசியர் வந்தார், ஒரு கூடை முந்திரிகைப்பழத்தோடு. இரண்டு வருடத்துக்கு முன் மாமியின் வெள்ளைச் சேவல் காணாமற்போயிருந்தது. மரநாய் பிடித்துவிட்டது என்று மாமி தீர்மானித்து, ஓவசியரைக் கேட்டு ஒரு மரநாய்ப் பொறி செய்வித்து வாங்கி, இரண்டு வருடமாக இரவில் அதில் இரை வைத்து வந்தார். பிடித்தது தன் நாய்தான் என்று ஓவசியர் இப்போது சொன்னார். "செத்ததை வீணாக்கக்கூடாது எண்டு சமைச்சம் தங்கச்சி. உங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்துவிட்டனாங்கள்." மாமாவுக்கு அந்தக் கறி நினைவிருந்தது. நல்ல கறி என்று சொல்ல வாயெடுத்தவர் மாமியின் பார்வையைக் கண்டு பாகைமானியைத் துடைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை போதகரே மனைவியோடு வந்தார். ஓய்வில்லாமல் வேலை செய்து மற்றவர்களையும் ஓடவைக்கிற மார்த்தாளைப் பற்றி அவர் ஒருமுறை பிரசங்கித்திருந்தார். அதை எழுதும்போது மாமியைத்தான் மனதில் வைத்திருந்தாராம். அன்றைக்கு மாமி வாசலில் அவர் கையைப் பிடித்து, "நல்ல பிரசங்கம் ஐயா, சேர்ச் செக்கிரட்டரியின்ரை மனுசிக்கு உறைச்சிருக்கும்" என்று பாராட்டியது எனக்குத் தெரியும், போதகருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவருடைய மனைவி, "நான் அப்பவே வேண்டாம் எண்டு சொன்னனான்" என்று இரண்டு தரம் சொன்னார்.

இப்படி மேலும் ஒரு கிழமை நடந்தது. மாமி விறாந்தையில், நீட்டிய காலை இன்னொரு கதிரையில் வைத்தபடி, நீதவான்போல் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒருவருக்கும், தான் எழும்பாததன் காரணம் இதுவல்ல என்று சொல்லவில்லை. அலுமாரியில் ஹோர்லிக்ஸ் போத்தல் நாலு, மாரி பிஸ்கற் பெட்டி ஆறு. முப்பது வருடத்தில் தெரியவராத ஊரை இரண்டு கிழமையில் தெரிந்துகொண்டார். நாலரை மணிக்கு யாராவது வந்துவிட்டால் பயிற்சி இல்லை, யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். சுவரில் மாமாவின் வரைபு நாற்பத்தைந்தில் ஏறிப் படுத்துவிட்டது. சிவப்புக் கோடு மேலே தனியாகக் கிடந்தது. டொக்டரின் ஆறு கிழமையில் பதினொரு நாள்தான் மிச்சம்.

ஒருநாள் ஆட்கள் போனபின் மாமி தன்பாட்டில், "எல்லாரும் வந்து சொல்லிப்போட்டு லேசாப் போயினம். பாரம் எனக்கெல்லோ" என்றார். குரலில் வெற்றி இருக்கவில்லை. பாடகர் குழுவில் வாயசைக்கிற ஆள், கிண்ணத்தில் தன் சேவலையே தின்ற ஆள், பிரசங்கத்தில் மார்த்தாள். தன்னைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த படத்தை இரண்டு கிழமையில் முழுக்கப் பார்த்துவிட்டார். சாப்பாடு குறைந்துபோனது. என்னிடம், "ஏன் நீர் ஒவ்வொரு நாளும் கிணத்தடி உரஞ்சுறீர்? சீமெந்து தேயப்போகுது" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. மாமியை மேசையில் ஏற்றினோம். நான் கணுக்காலைப் பிடித்தேன், தொடை வழக்கம்போல் இறுகியது, பாட்டுத் தொடங்கியது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. காலைப் பிடித்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்: "மாமி, அண்டைக்குச் சனிக்கிழமை நான் கிணத்தடி உரஞ்சேல்லை. கடிதம் எழுதிக்கொண்டிருந்திட்டன். நீங்கள் விழுந்தது என்னாலைதான்."

பாட்டு நின்றது. என் கைக்குள் இருந்த கால் மெதுவாக, தன்பாட்டில், கீழே இறங்குவதை உணர்ந்தேன். பயத்தை மறந்துபோன தொடை இறுக்கத்தை விட்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தத் துணியவில்லை. மாமாவின் குரல்தான் முதலில் கேட்டது: "அறுபத்திரண்டு."

"பேசாமல் இருங்கோ" என்று மாமி அவரை அடக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "நீர் உரஞ்சேல்லை எண்டு எனக்குத் தெரியும். யன்னலாலை பாத்தனான். சிரிச்சுச் சிரிச்சு எழுதிக்கொண்டிருந்தீர். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. நானே உரஞ்சிப்போட்டு, அடுத்த நாள் மாமரத்தடியிலை நாலு பேருக்கு முன்னாலை, பட்டதாரி மருமகள் வந்தும் கிணத்தடி உரஞ்சுறது நான்தான் எண்டு சொல்ல நினைச்சனான். பொச்சுமட்டையோடைதான் விழுந்தனான். நீங்கள் ஓடிவர முன்னம் அதைக் கிணத்துக்கை எறிஞ்சுபோட்டன்." குரல் தளர்ந்தது. "உந்த நினைப்போடை எப்பிடிப் பிள்ளை நான் கிராதியடிக்குப் போறது?"

ஆக, ஊர் சொன்னதுதான் சரி. முழங்கால் சாட்டு, மாமிக்குக் கோபம் இருந்தது. கோபம் என்னோடு. அதற்கு மேலே, அந்தக் கோபத்தால் தான் செய்யப்போன காரியத்தின் வெட்கம். ஊரே வந்து மன்னிப்புக் கேட்டபோது, தான் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சில்லு மூன்றாகப் பிளந்த நிலையில், விழுந்த இடத்தில் கிடந்தபடி, ஒரு பொச்சுமட்டையைக் கிணற்றுக்குள் எறிய ஒருவருக்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று நினைத்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாமியும் அழுதார். மாமா யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இன்னொருமுறை அளந்தார். அறுபத்தைந்து.

மாமா பெரிய கணிதக்காரர் இல்லாவிட்டாலும் எதனால் எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கிறவர். அடுத்த நாள் நாலரைக்கு, "இண்டைக்கும் ஏதும் இருந்தால் சொல்லுங்கோவன்" என்றார். நான் யோசித்து, ஆசிரியர் கூட்டம் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் போய்ப் படம் பார்த்த கதையைச் சொன்னேன். மாமி வாயைப் பிளந்தார், நாலு பாகை. மாதர் சங்கத்தில் எல்லாரும் புகழ்ந்த புடிங் நான் செய்தது, அதைத் தான் செய்ததாகச் சொல்லிவிட்டதாக மாமி சொன்னார். அதற்கு இரண்டு பாகைதான், ஏனென்றால் அது எனக்கு முன்பே தெரியும், என் முகத்தில் அதிர்ச்சி போதவில்லை என்று மாமிக்கும் தெரிந்துவிட்டது. மற்றவர் சொல்லி மாமி கேட்டால்தான் கால் நன்றாக இறங்கும் என்பது பழக்கத்தில் விளங்கியது. எனக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாத நாளில் மாமாவின் முறை வந்தது. முப்பத்திரண்டு நத்தாராக மாமி செய்கிற கேக்கில் கராம்பு கூடவாம். தன் துண்டை ஒவ்வொரு வருடமும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய் மாட்டுக்கு வைத்தாராம். ஒரே இருப்பில் ஒன்பது பாகை. அன்றைக்கு மாமாவுக்கு இரவுச் சாப்பாடு நான்தான் போட்டேன், மாமி பேசவில்லை. ஆனால் வரைபு சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பெரிய டொக்டர் மடக்கிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். "கதைச்சனாங்கள்" என்றார் மாமி.

பங்குனி முதல் ஞாயிறு. காருக்குள் கால் அடங்கியது. எங்கள் வாங்கின் முறை வந்தபோது மாமி ஊன்றுதடியை வாங்கில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து எழும்பினார். சேர்ச்சே திரும்பிப் பார்த்தது. எல்லாருக்கும் அது தன்னோடு தீர்ந்த கோபம். ஓகன் ரீச்சருக்கும், ஓவசியருக்கும், போதகருக்கும்கூட. கிராதியடியில் நான் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடிக்க, மாமி மெல்ல மெல்ல இறங்கி முழந்தாளிட்டார். அவர் முழங்கால் கிராதியடி மெத்தையைத் தொட்ட நேரம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கால் என்னால் போகவில்லை. மாமி அப்பம் வாங்கினார், இரசம் வாங்கினார், தலையைக் குனிந்தார். மற்றவர்கள் எழும்பினார்கள். மாமி எழும்பவில்லை. ஒரு நிமிடம் போனது, அடுத்த வாங்குக்காரர் வழியில் நிற்கிறார்கள், ஓகன் ரீச்சர் முடித்த பாட்டை மறுபடி தொடங்கினார். பின்னால் யாரோ விம்முவது கேட்டது. கால் பிடித்துக்கொண்டதோ என்று நான் பயந்து குனிந்து, "மாமி, எழும்ப ஏலாமல் இருக்கோ?" என்று கேட்டேன். மாமி கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "ஏலும் பிள்ளை. கொஞ்சம் பொறு, சனம் பாக்கட்டும்."

அந்த முழங்காலோடு மாமி இன்னும் பல வருடம் மாதர் சங்கத்தை ஆண்டார். என் புது முழங்காலில் ஊன்றி முழந்தாளிடவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இங்கே கொழும்பில் அது ஒரு பிரச்சினையும் இல்லை. நிற்கிறவர் நிற்கலாம், இருக்கிறவருக்கு இருந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். போன மாதம் திருவிருந்தன்று எனக்கு ஒரு ஆசை வந்தது. கொண்டுவந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வாங்கில் அப்படியே இருந்தேன். பிறகு வீட்டில் காத்திருந்தேன். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. ஒருவரும் வரவில்லை. ஹோர்லிக்ஸ் இப்போது எந்தக் கடையிலும் வாங்கலாம், ஆனாலும் ஒருவரும் வரவில்லை. எனக்கு யாரோடு கோபம் என்று யோசிக்க இந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை என்று நினைத்து, கொஞ்சம் மனம் நொந்துதான் போனேன்.

மூன்றாம் ஞாயிறு காலை என் மருமகள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. "மாமி, அண்டைக்கு ஏன் வாங்கேல்லை? என்னோடை ஏதும் கோவமோ?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தேன். இரண்டு கிழமையாக இதையே யோசித்துக்கொண்டிருந்த முகம்.

"கொஞ்சம் இருக்கு" என்றேன். "வந்து இரும், சொல்லுறன்."

அவள் போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். "எனக்கும் கொஞ்சம் இருக்கு மாமி" என்றாள்.